ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு நொடி

நான் வேலை பார்ப்பது விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு இன்சுலேட்டர் கம்பெனியில். கரண்ட் கம்பத்தின் தலையில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு குமிழ் உட்கார்ந்திருக்குமே, அதுதான் இன்சுலேட்டர். சூளையில் வெந்து வரும் குமிழ்களுக்கு வேண்டிய மட்டும் மின்சாரத்தைக் கொடுத்து, தாங்குகிறதா, வெடிக்கிறதா என்று பார்ப்பது என் பிரிவு. தாங்கினால் முத்திரை. வெடித்தால் குப்பை. மாப்பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பிரிவு இருந்தால் நன்றாக இருக்கும் என்று கல்யாணமான புதிதில் நினைத்துக்கொண்டதுண்டு.

ஒருமுறை சோதனைக் கூடத்தின் பின்அறையைக் காலி செய்து, பழைய கருவிகளைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். அந்தக் குவியலில் ஒரு ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மேனேஜரிடம் கேட்டேன்.

“எடுத்துக்கோம்மா. வேலை செய்யாது. வூட்ல ஷோகேஸ்ல வெச்சுக்கலாம்” என்றார்.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். உப்பியிருந்த இரண்டு கப்பாசிட்டர்களை மாற்றினேன். அவ்வளவுதான், சிவப்பு எண்கள் கண் விழித்தன. டிப்ளமோ படித்த காலத்திலிருந்து என்னிடம் ஒரு சால்டரிங் அயர்ன் இருக்கிறது. ஒரு ஆண் அதை வீட்டில் வைத்திருந்தால் மூளைக்காரன் என்பார்கள். என் கையில் அதைப் பார்த்த நாத்தனார், “அண்ணி, இது முடிய நேராக்குற மெஷினா?” என்று கேட்டாள்.

அந்தக் கவுன்ட்டரின் வேலை எண்ணுவது. ஒரு நொடிக்குள் மின்சாரம் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணிச் சொல்லும். வீட்டு ப்ளக்கில் வரும் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை ஏறி இறங்க வேண்டும். ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை நடுவில் வைத்து அளந்தேன். ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. குறை கரண்ட்டிலா, கவுன்ட்டரிலா? சாதாரண மனுஷி என்றால் அந்த இடத்தில் கருவியை அணைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். நான் உட்கார்ந்து யோசித்தேன்.

ஒரு நொடிக்கு எத்தனை என்று எண்ண வேண்டுமானால், ஒரு நொடி என்பது எவ்வளவு என்று அந்தக் கருவிக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. படிகத்துக்குச் சூடு ஆகாது. சூடு ஏறினால் அதன் துடிப்பு மாறும், இறங்கினால் வேறு மாதிரி மாறும். எங்கள் ஊர் வெயிலில் அதன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரு நொடி, மத்தியானம் வேறொரு நொடி. கவுன்ட்டர் பொய் சொல்லுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரம் பொய் சொல்லுகிறதா என்று பார்க்க அதைவிட நல்லது. இதற்கு மருந்து கிடையாது என்பதை நான் அப்போது அறியவில்லை.

இணையத்தில் இந்த வியாதிக்காரர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்துகொண்டு, வேறு வேலை இல்லாமல் நொடியை அளக்கிறவர்கள். “என் நொடி நேற்றைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது, என்ன செய்யலாம்?” என்று ஒருவர் கேட்பார். பத்துப் பேர் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்ணாடத்தில் இருந்து ஒருவர் இருந்தார். சர்க்கரை ஆலையில் கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. என் வயதுதான் இருக்கும். உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் பைத்தியங்களில் இரண்டு பேர் ஒரே பஸ் ரூட்டில் இருப்போம் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. முதல் தடவை போனில் பேசியபோது, “மேடம், நீங்க நெஜமாவே விருத்தாசலமா? ஜங்ஷன் இருக்குதே, அந்த விருத்தாசலமா?” என்று இரண்டு தரம் கேட்டார்.

வழி சொன்னவர் அவர்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்குள் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. நம் போன் வழி காட்டுவதே அவை அனுப்பும் நேரத்தை வைத்துத்தான். அதைக் கேட்டு நொடிக்கு ஒரு தட்டுத் தட்டும் சின்னப் பலகை கடைகளில் கிடைக்கிறது. அந்தத் தட்டை வைத்து நல்ல படிகம் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்தால், சில நாட்களில் அது வழிக்கு வந்துவிடும். குழுவில் இதை ‘டிசிப்ளின் பண்ணுவது’ என்பார்கள். என் வீட்டில் நான் சொல்லி வழிக்கு வந்த முதல் ஜீவன் அதுதான்.

பிஸ்கட் அளவில் கறுப்பாக இருந்த ஆன்டெனாவை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தேன். படிகத்துக்குச் சூடு மாறாத ஓர் இடம் வேண்டும். எங்கள் கம்பெனிச் சூளையைப் பழுது பார்த்தபோது மிஞ்சிய பீங்கான் பஞ்சு கொஞ்சம் இருந்தது. சூளைக்குள் நெருப்பையே அடக்கி வைக்கும் பஞ்சு அது. அதை எதற்குள் அடைப்பது என்று வீடு முழுக்கத் தேடினேன். மாமியாரின் ஊறுகாய் ஜாடி கண்ணில் பட்டது. கனமான பீங்கான், மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அதைவிடப் பொருத்தமான வீடு ஒரு படிகத்துக்கு அமையாது. ஜாடியைக் கழுவிக் காயவைத்து, பஞ்சைச் சுற்றிலும் திணித்து, நடுவில், படிகத்தையும் அதை ஒரே சூட்டில் வைக்கும் குட்டி ஹீட்டரையும் அடக்கிய தகர டப்பாவை வைத்து மூடினேன். பலகையும் சின்னத் திரையும் மூடியின் மேல். நொடிக்கு ஒருமுறை மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்று.

மாமியார் இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏம்மா, என் ஜாடியில இன்னா போட்டு வெச்சிருக்கிற?”

“நேரம் அத்தை.”

“எத்தினி நாள் ஊறணும்?”

“ஒரு வாரம் ஆவும் அத்தை, சரியா வர்றதுக்கு.”

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எலுமிச்சங்காயைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஜாடியை இழந்த கதையைச் சொன்னார்.

அவர் சொன்னதைப் போல அது ஊறித்தான் வந்தது. ஒரு வாரத்தில் படிகம் வானத்தின் நொடியோடு சேர்ந்துகொண்டது. கவுன்ட்டரை அதில் இணைத்தேன். இனி அது பொய் சொல்லாது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லாததால், கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, ஜாடியைப் பார்த்துச் சரியாக வைத்து மாட்டினேன்.

அந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். என் வீட்டுக்காரர் அப்படித்தான் வைத்திருந்தார். எதற்கும் தாமதமாகிவிடக் கூடாது என்று பத்து நிமிஷம் கூட்டி வைப்பார். கூட்டி வைத்தது தெரியும் என்பதால் பார்க்கும்போதெல்லாம் பத்து நிமிஷத்தைக் கழித்துக்கொள்வார். எத்தனையோ வருஷமாக இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்து வந்தது.

அவருக்குப் பீங்கான் பொம்மை வியாபாரம். அகல் விளக்கு, யானை, பூச்சட்டி எல்லாம் தொழிற்பேட்டையில் செய்ய வைத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவார். மறுநாள் காலை மாதிரிப் பொம்மைகளைச் சென்னையில் ஒரு கடைக்காரரிடம் காட்டுவதற்காக ரயிலுக்குக் கிளம்பினார். சுவரைப் பார்த்தார். வழக்கம்போலப் பத்தைக் கழித்தார். இன்னொரு டம்ளர் காபி கேட்டு வாங்கி, நிதானமாகக் குடித்தார். ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகை மட்டும் பார்த்திருக்கிறார்.

பெட்டியோடு திரும்பி வந்து கூடத்தில் நின்றார்.

“கடியாரத்தத் தொட்டியா?”

“சரி பண்ணேங்க.”

“யாரு உன்ன சரி பண்ணச் சொன்னது? அது தப்பா இருந்த வரைக்கும் சரியாத்தானே இருந்துச்சு?”

 என்னிடம் இருந்த நேரம் கோடியில் ஒரு பங்குகூடப் பிசகாதது. அவர் கையில் இருந்தது தவறிப்போன ரயிலின் டிக்கெட். எது கனம் என்று எனக்கே தெரிந்தது. கடிகாரத்தைக் கழற்றி மறுபடி பத்து நிமிஷம் தள்ளி வைத்தார். அந்த வாரம் முழுக்க என்னோடு அவர் பேசியதெல்லாம் ‘ம்’ மட்டும்தான்.

பேச ஆள் இல்லாத அந்த வாரத்தில்தான் பெண்ணாடத்துக்காரர் போன் செய்தார். அவரிடம் ஒரு ருபிடியம் கடிகாரம் இருந்தது. கழித்துப்போட்ட செல்போன் டவர் ஒன்றிலிருந்து வந்த பெட்டி. படிகத்துக்குப் பதிலாக ருபிடியம் என்ற தனிமத்தின் அணுக்களைக் கேட்டு நேரம் வைப்பது. குழுவில் அது வைத்திருப்பவர்களுக்கு ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு உள்ள மரியாதை.

“மேடம், ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாத்தா என்ன? எம் பொட்டி கரண்ட்ட மொடா மொடாவா குடிக்கும், தூக்கியாற முடியாது. உங்க ஜாடி பேட்டரில ஓடும் இல்ல? ஞாயித்துக்கெழம எடுத்தாந்துடுங்க. எங்க வூட்ல எல்லாரும் இருப்பாங்க, இங்கியே சாப்புடலாம்.”

ஜாடியை அணைத்து எடுத்துப் போக முடியாது. அணைத்தால் படிகம் ஆறிப்போகும். மறுபடி ஊற ஒரு வாரம். அதனால் ஓடும் ஜாடியோடுதான் போக வேண்டும். பேட்டரியை அடியில் டேப் போட்டுச் சுற்றி, ஜாடியைக் கட்டைப்பையில் உட்கார வைத்தேன். கட்டணமில்லாப் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. வானம் தெரிய வேண்டும் என்பதால் ஆன்டெனாவை எடுத்து ஜன்னல் கம்பியில் வைத்தேன். அடியில் காந்தம் இருந்ததால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் என் மடிக்கு வந்து ஜாடிக்குள் போனது. சிவப்பு விளக்கு மினுக்கியது.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று அப்போது நிஜமாகவே எனக்குத் தோன்றவில்லை.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா கேட்டார்.

“இன்னாம்மா இது, மினுக்கு மினுக்குன்னு?”

“நேரம்ங்க.”

“எதுக்கு நேரம்?”

“சும்மா நேரம்தாங்க. ஒவ்வொரு நொடியா எண்ணிக்கிட்டு இருக்குது.”

அவர் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எண்ணி முடித்ததும் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. முன் சீட்டில் இருந்த வேட்டிக்காரர் திரும்பி, ஒயரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, என்னைப் பார்த்து, “டிரைவரே, வண்டிய ஓரங்கட்டு!” என்றார்.

இரண்டு வாசல் வழியாகவும் எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் ஜாடியோடு உள்ளே. இறங்கியவர்கள் ஓடியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். யாரும் ஓடவில்லை. நல்ல வெளிச்சமாகப் பார்த்து நின்றுகொண்டு போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். வெடித்தால் தவறவிட்டுவிடக் கூடாது என்ற கவலைதான் அந்த முகங்களில் இருந்தது. வேட்டிக்காரர் தன் போனைப் பார்த்து, “இப்ப நான் பஸ்ஸுக்குப் பக்கத்துலதான் இருக்கேன்” என்று யாருக்கோ விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர்தான் பக்கத்தில் வந்தார். அவர் கவலை வேறு. “ஏம்மா, லக்கேஜுக்கு டிக்கெட் வாங்கினியா?” என்றார்.

அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்து சேர்ந்தார். டீக்கடையில் இருந்து ஒரு பக்கெட் தண்ணீர் வாங்கி, பஸ்ஸின் படியில் வைத்தார்.

“அத மெதுவா இதுல வுடும்மா.”

“சார், தண்ணியில போட்டா போயிடும் சார்!”

“போவட்டும்னுதாம்மா சொல்றேன்.”

நான் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் ஊறியது சார், நானே செய்தது சார், என்றெல்லாம் சொன்னேன். ‘நானே செய்தது’ என்று சொல்லியிருக்கக் கூடாது. கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போனார். படம் பிடித்தவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

கடைசியில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். நேராகப் பஸ்ஸில் ஏறி, என் மடியைக் குனிந்து பார்த்தார்.

“ஊறுகா ஜாடிதானே இது?”

“ஆமாம் மேடம். மாமியாரோடது.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மேடம். கோவமா இருக்காங்க.”

அந்தப் பதிலில் அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஜீப்பில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு போனார். ஜாடி என் மடியில்.

ஸ்டேஷனில் மூடியைத் திறந்து பஞ்சை விலக்கி, உள்ளே இருந்த தகர டப்பாவைக் காட்டினேன். இரண்டு போலீஸ்காரர்களும் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரும் எட்டிப் பார்த்தார்கள். பஞ்சு விலகியதில் படிகத்துக்குக் குளிருமே என்று எனக்குப் பதைப்பு. பேட்டரி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

“மேடம், ஒரு ப்ளக் பாயின்ட் கிடைக்குமா? அணைஞ்சிருச்சுன்னா ஒரு வாரம் வீணாயிடும்.”

ஸ்டேஷனில் பிடிபட்டவள் இப்படிக் கேட்டு அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். கான்ஸ்டபிள் தன் போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

நடந்ததை எழுத ரைட்டர் உட்கார்ந்தார். “காலை சுமார் பத்தரை மணியளவில்” என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“சார், சரியான நேரம் இதுலயே இருக்குது. சுமார் வேணாம்.”

“நாங்க சுமார்னுதாம்மா எழுதுவோம்.”

“அளவில்னும் போட்டிருக்கீங்களே சார்.”

அவர் பேனாவை வைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி, எத்தினி மணிக்குத்தான் நடந்துச்சு?” என்றார். சாட்சிக்கு வந்திருந்த கண்டக்டரின் டிக்கெட் மெஷின் ஒரு நேரம் காட்டியது. கான்ஸ்டபிளின் கைக்கடிகாரம் வேறு காட்டியது. ஸ்டேஷன் சுவரில் இருந்த கடிகாரம் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது. அதன்படி, நான் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஜாடியைப் பார்த்தார்கள். அது மட்டும் தன்பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ரைட்டர் மறுபடி பேனாவை எடுத்து, ‘சுமார்’ என்பதை அடிக்காமல் விட்டுவிட்டு மேலே எழுதினார்.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“எதுக்கும்மா இவ்ளோ கரெக்டா?”

“செல்போன் டவருக்கெல்லாம் இப்படித்தான் வேணும் மேடம். பேங்க்குக்கு, கரண்ட் ஆபீசுக்கு…”

“அவங்களுக்கு வேணும். உனக்கு எதுக்கு?”

இந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் குரலில் ஒரு இடிப்பு இருக்கும். இவர் குரலில் அது இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் எனக்கும் பொய் வரவில்லை.

“தெரிஞ்சுக்கத்தான் மேடம். ஒரு நொடின்னா எவ்ளோன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை. அவ்ளோதான்.”

அவர் ஜாடியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “இதுல ராகு காலம் தெரியுமா?” என்று கேட்டார்.

“அது வர்றதில்ல மேடம். வேணும்னா சேத்துடலாம்.”

“வேணாம், இருக்கட்டும். வீட்டுக்காரருக்குப் போன் போடு. வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போவட்டும்.”

அந்தப் போனைச் செய்யத்தான் எனக்குப் பயமாக இருந்தது. பஸ், பக்கெட், ஜீப் எதற்கும் பயப்படவில்லை. ஒரு வாரமாக ‘ம்’ மட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனுஷனிடம் ஸ்டேஷனுக்கு வாங்க என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, “ம்” என்றார்.

அவர் வந்தபோது சட்டையில் களிமண் தூசு அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. சுவர் ஓரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஜாடியைப் பார்த்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். “இது இன்னான்னு உங்களுக்குத் தெரியுங்களா?”

தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். இவளுக்குக் கொஞ்சம் கழண்டிருக்குது மேடம், விட்டுடுங்க என்று சொல்லியிருந்தாலும் வேலை முடிந்திருக்கும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

“தெரியும் மேடம்” என்றார். “ஜாடி எங்கம்மாவோடது. உள்ள இருக்கிறது டைமு. மேல கருப்பா இருக்குதே, அது வானத்துல இருக்கிற சேட்டிலைட்டுங்க பேசுறத கேக்குது. கேட்டு, உள்ள இருக்கிறத சரி பண்ணிக்கிட்டே இருக்கும். ரொம்ப கரெக்டா இருக்கும் மேடம். இத நம்பி வெச்ச கடியாரத்தால நான் ரயிலையே வுட்டேன்.”

சப்-இன்ஸ்பெக்டருக்கு விளங்கியிருக்க நியாயமில்லை. ஆனால் கணவன் என்ற ஒருவர் தூசுச் சட்டையோடு வந்து இத்தனை சொன்னதே போதுமான சாட்சியாக இருந்தது போலும். கையெழுத்து வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, “அப்படியே அந்தச் சுவத்துக் கடியாரத்தையும் சரி பண்ணி வெச்சுட்டுப் போ” என்றார். ரைட்டர் பதறிப் போய், “மேடம், அது கொஞ்சம் பின்னாடி ஓடுறதுதான் நமக்கு நல்லது” என்று என்னென்னவோ காரணம் சொன்னார். கடிகாரம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. ஸ்டேஷனுக்கு ஒரு நேரம் வேண்டியிருக்கிறது, அது வானத்து நேரமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஜாடியை மடியில் வைத்துக்கொண்டேன்.  பேப்பரில் வருமோ, கம்பெனியில் என்ன சொல்வார்கள், வேட்டிக்காரரின் வீடியோ எத்தனை பேர் போனுக்குப் போயிருக்கும் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேகத்தடையில் வண்டியை மெதுவாக்கி, அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“லைட்டு எரியுதா?”

“எரியுதுங்க.”

“கெட்டியாப் புடிச்சுக்கோ. ரோடு மோசமா இருக்குது.”

நான் அழுதுவிட்டேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் அவருக்குத் தெரியாது.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ வந்திருந்தது. ‘பஸ்ஸில் மர்ம ஜாடியுடன் பெண்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். கம்பெனி முழுக்கப் பார்த்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஷோகேஸில் வைத்துக்கொள்ளச் சொன்ன கருவி இதுதானா என்று கவலையோடு கேட்டார். மாமியாருக்கு மட்டும் பெருமை. வீடியோவில் ஜாடி தெளிவாகத் தெரிகிறது, அந்தக் காலத்துப் பளபளப்பு எப்படி இருக்கிறது பார் என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

பெண்ணாடத்துக்காரருக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. “இனிமே நீங்க பஸ்ஸேற வேணாம்க்கா, நானே வர்றேன்” என்றார். பஸ்ஸில் சேர்ந்து மாட்டிக்கொள்ளாவிட்டாலும், இந்த விஷயத்துக்குப் பிறகு ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்துவிட்டது.

அவர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய சொந்தக்காரர் ஒருவரின் டிராக்டர், ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு டயர் மாற்ற விருத்தாசலம் வந்தது. அந்தக் காலி டிரெய்லரில் கரும்புச் சோகையை மெத்தைபோலப் பரப்பி, அதன் மேல் ருபிடியம் பெட்டியை வைத்து, பக்கத்தில் இரண்டு பெரிய பேட்டரிகளை வைத்து இணைத்து, பெட்டியைக் கையால் அணைத்தபடி வழி முழுக்க வெயிலில் உட்கார்ந்து வந்திருந்தார். முகமெல்லாம் புழுதி. அணுக் கடிகாரம் அப்படி ஒரு வாகனத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது யாரும் போனை எடுக்கவில்லை. கரும்பு டிராக்டரில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

கூடத்தில் ஜாடியும் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டின் துடிப்பையும், மின்சாரத்தை அலையாக வரைந்து காட்டும் என் பழைய ஆஸிலாஸ்கோப் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வரவைத்தோம். அவருடைய அலையைத் திரையில் நிறுத்திப் பிடித்தோம். ஜாடிக்கும் பெட்டிக்கும் இருந்த இரண்டு ஆன்டெனாக்களையும் கழற்றினோம். இனி வானத்தின் உதவி கிடையாது. அவரவர் நேரம் அவரவர் கையில். என் அலை ஆடாமல் நின்றால் இரண்டும் ஒன்று. நகர்ந்தால் வித்தியாசம்.

நின்றது. மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் நின்றபடி பார்த்தார். டீ வந்தது, குடித்தோம். என் அலை ஒரு முடியளவு இடது பக்கம் சாய்ந்திருந்தது. டிபன் முடிந்து பார்த்தபோது பாதி அலை நகர்ந்திருந்தது.

“யாரு ஜெயிச்சது?” என்றார் மாமியார்.

“இன்னும் தெரியாதும்மா” என்றார் பெண்ணாடத்துக்காரர்.

“அவளோடதுதானே ஓடுது? உன்னுது நிக்குது?”

“என்னத புடிச்சு வெச்சிருக்கோம்மா, அதனால நிக்கிற மாதிரி தெரியுது. எது ஓடுதுன்னு சொல்றதுக்கு இன்னொரு கடியாரம் வேணும்.”

என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரயிலை விட்டவர் என்ற முறையில் அவருக்குச் சில கேள்விகள் இருந்திருக்கும். ஆனால் கேட்டது ஒன்றுதான். “மூணாவது வாங்குனா, அத எதோட ஒப்பிடுவீங்க?”

 நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தோம். ஒரு வாரம் விடாமல் அளந்து சராசரி எடுக்கலாம் என்று அவர் சொன்னார். குழுவில் ஒருவரிடம் ருபிடியத்தையும் மிஞ்சும் சீசியம் கடிகாரம் இருப்பதாக நான் சொன்னேன். அலை நகர்ந்துகொண்டே இருந்தது. எத்தனை நாளாக இப்படி ஒரு ஆளிடம் பேச வேண்டும் என்று இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன்.

வாசலில் டிராக்டர் டிரைவர் வந்து நின்றார். டயர் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“சார், கெளம்பலாமா?”

“அஞ்சே நிமிசம்ப்பா” என்றார் பெண்ணாடத்துக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிரைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் உள்ளே போய் இன்னொரு நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

“உக்காருங்க” என்றார். “டீ சாப்புடுங்க. இவங்க அஞ்சு நிமிசம்னா நமக்கு எவ்ளோன்னு சொல்ல முடியாது.”

டிரைவர் உட்கார்ந்தார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.